ஒற்றிக் காணியில் ஒரு பாத்தி

ஊர்காவற்றுறையில் ஒரு நொத்தாரிசு கந்தோரில், காணிப் பத்திரம் எழுதுகிற அலுவலகத்தில், முப்பது வருடம் நான் காணி உறுதிகளைத் தட்டச்சு செய்தேன். இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களைக் கழித்துத்தான் இந்தக் கணக்கு. காணி விஷயமாக வருகிற சனம் முதலில் என் மேசைக்குத்தான் வரும். உள்ளே இருக்கிற நொத்தாரிசிடம் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகளை என்னிடம் கேட்கும். அவற்றில் மாதம் ஒருமுறையாவது வருகிற கேள்வி, "பிள்ளை, ஈட்டுக்கும் ஒற்றிக்கும் என்ன வித்தியாசம்?"

எனக்குப் பொறுமை குறைவு. கந்தோரில் எல்லாருக்கும் அது தெரியும். ஆனாலும் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் அலுத்துக்கொண்டதில்லை. ஈடு என்றால் காணி உங்களிடமே இருக்கும், வாங்கின கடனுக்கு வட்டி கட்டவேண்டும். ஒற்றி என்றால் வட்டியே கிடையாது. காசு தந்தவர் காணிக்குள் வந்துவிடுவார். நெல்லோ தேங்காயோ பனம்பழமோ ஓலையோ, விளைகிறது எல்லாம் அவருக்கு. வட்டிக்குப் பதில் அதுதான். வாங்கின முதல் தொகையை அப்படியே திருப்பிக் கொடுக்கிற அன்றைக்குக் காணி உங்களிடம் வரும். அதுவரைக்கும் உங்கள் காணியில் விழுந்து கிடக்கிற ஒரு பழத்தைக்கூடக் கேட்காமல் நீங்கள் எடுக்கக்கூடாது. இதைச் சொன்னதும் ஒற்றி வைக்க வந்தவர்களின் முகம் கொஞ்சம் சுருங்கும். காசுக்கு வேறு வழி இல்லாதவர்கள், ஓம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போவார்கள்.

வேலை குறைந்த நாட்களில் கந்தோரில் கிடந்த ஆங்கில அகராதியைப் புரட்டுவேன். ஈட்டை ஆங்கிலத்தில் மோட்கேஜ் என்கிறார்களே, அது பழைய பிரெஞ்சுச் சொல்லாம். அர்த்தம் செத்த ஈடு. கடனைக் கட்டினால் கடன் செத்தது, கட்டாவிட்டால் காணி உனக்குச் செத்தது என்று அதற்கு ஒரு விளக்கமும் போட்டிருந்தார்கள். காணி எழுதுகிற இடத்தில் சாவைக் கொண்டுவந்து வைத்தவர்களை என்ன சொல்ல? எங்கள் ஒற்றியும் பழைய சொல்தான். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் வருகிறதாம். ஒல்லாந்தர் எங்கள் ஊர் வழமைகளைக் கேட்டு எழுதிவைத்தபோது ஒற்றியையும் சேர்த்தே எழுதினார்கள். அதைத்தான் இன்றைக்கும் தேசவழமை என்று நீதிமன்றத்தில் எடுத்துப் பேசுகிறார்கள். ஒற்றுவது, அதாவது மெல்லத் தொட்டுச் சேர்ந்திருப்பது என்ற வினையிலிருந்து அந்தச் சொல் வந்தது என்பார்கள். சரியோ பிழையோ தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. ஆனால் எனக்கு அது பிடிக்கும். ஒற்றி வாங்கினவர் அந்த மண்ணோடு சேர்ந்துதான் இருக்கிறார். மண் மட்டும் அவருடையது ஆவதில்லை. எத்தனை வருடம் இருந்தாலும் ஆவதில்லை.

மீட்பதற்கும் ஒரு முறை உண்டு. நினைத்த நேரத்தில் காசைக் கொண்டுபோய் நீட்டிக் காணியைத் தா என்று கேட்க ஏலாது. பயிர் நிற்கும்போது மீட்கக்கூடாது. போட்டவர் எடுத்து முடியவேண்டும். அடுத்தது போடுவதற்கு முன்னமே, காணியை எடுக்கப்போகிறோம் என்று சொல்லவும் வேண்டும். இதையும் நூறு பேருக்கு நான் விளக்கியிருக்கிறேன். அப்படி விளக்கின எனக்கே, என் வீட்டு ஒற்றியைப் பற்றி ஒரு வசனம் சொல்ல வாய் வரவில்லை.

காணி புங்குடுதீவில், இறுப்பிட்டியில் இருக்கிறது. பத்துப் பரப்பு, அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. முழுக்கப் பனை, நடுவில் ஒரு கிணறு. தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டும் என்று வந்தபோது அப்பா அதைப் பக்கத்து வளவுக்காரருக்கு ஒற்றி கொடுத்தார். அந்தக் காசில்தான் தம்பி கனடா போய்ச் சேர்ந்தான். பிறகு அப்பாவும் காலமானார், பக்கத்து வளவுக்காரரும் காலமானார். ஊரே இடம்பெயர்ந்தது. காணியில் இப்போது இருப்பவர் அந்தப் பக்கத்து வளவுக்காரரின் மருமகள். என்னிலும் இரண்டு வயது கூட. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்கா விதவை. புருஷன் இடம்பெயர்ந்திருந்த இடத்தில் காய்ச்சலில் போய்விட்டார். ஊருக்குத் திரும்பி வந்தபோது அவவிடம் இருந்தது வேலிக்கு அந்தப் பக்கத்து வீடும் வளவும், வேலிக்கு இந்தப் பக்கத்து எங்கள் ஒற்றிக் காணியும். வீட்டையும் வளவையும் ஒரே மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். உறுதி அடித்தவள் நான்தான். மகள் கொஞ்சக் காலத்தில் அதை விற்றுவிட்டுப் புருஷனோடு வவுனியாவுக்குப் போய்விட்டாள். பிழை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் கஷ்டம். அதற்குப் பிறகு அக்கா எங்கள் காணியின் மூலையில் நாலு தகரமும் ஓலையும் போட்டு ஒரு கொட்டில் அடித்துக்கொண்டு இருக்கிறார். காடு பிடித்துக் கிடந்த காணியை வெட்டித் துப்புரவாக்கினது அவர். எல்லைக் கல்லைத் தேடிப்பிடித்தது அவர். தூர்ந்துபோன கிணற்றை இறைத்து நல்ல தண்ணீர் வரப்பண்ணினதும் அவர். பனங்கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண் போட்டால் தை மாசியில் கிழங்கு கிண்டலாம். அவித்தும், காயவைத்து ஒடியலாக்கியும் விற்பார். அவவின் வருடம் முழுக்க அந்தப் பாத்திக்குள்தான் இருக்கிறது.

நாலு வருடத்துக்கு முன் தம்பி தொலைபேசியில் சொன்னான்.

"அக்கா, எனக்கு முழங்கால் ஏலாது. இன்னும் கொஞ்ச நாளையிலை வேலையை விட்டிடுவன். அப்பான்ரை காணியை மீட்டு ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு அங்கை இருக்கப்போறன்."

"அவவுக்கு?" என்று கேட்டேன்.

"அந்தக் காலத்துக் காசைக் குடுக்கச் சொல்லேல்லை. இண்டைக்கு அதுக்கு என்ன மதிப்போ அதைக் குடுப்பம். நான் என்ன அநியாயக்காரனே?"

அநியாயக்காரன் இல்லை. என் தம்பியைப் பற்றி அப்படி ஒருவரும் சொல்ல முடியாது. பனியில் பாதி ஆயுள் வேலை செய்தவன், கடைசியில் அப்பாவின் மண்ணில் வந்து கால் நீட்ட ஆசைப்படுகிறான். அந்த ஆசையில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. அக்கா காசை வாங்கிக்கொண்டு எங்கே போவார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அவர் எவ்வளவு காசு வாங்கினாலும் அதற்கு ஒரு கிணறும் பத்துப் பரப்புப் பனையும் யாரும் கொடுக்கப்போவதில்லை.

அவனுக்கு லீவு மார்கழியில்தான் கிடைக்கும். முதல் மார்கழி வந்தான். பாத்தியில் கிழங்கு நின்றது. தை பிறக்காமல் கிண்ட ஏலாது, கிண்டாமல் மீட்க ஏலாது. அக்கா முந்தின வருடத்துக் கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலை ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தார். அவன் அதைத் தின்றுகொண்டே விமானம் ஏறினான். இரண்டாம் மார்கழியும் அப்படித்தான். மூன்றாம் மார்கழி, பாத்தி ஓரத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பின்னேரம் என்னிடம் வெடித்தான்.

"சட்டம் தெரிஞ்ச ஆள் எண்டு உங்களை நம்பி இருக்கிறன். புரட்டாசிக்கு முதலே போய்ச் சொல்லியிருந்தா அவ பாத்தி போட்டிருக்க மாட்டா. அடுத்த முறை முன்னமே சொல்லுங்கோ. சும்மா வந்து கிழங்கைப் பாத்திட்டுப் போக எனக்கு என்ன விசரே?"

எனக்கும் கோபம் வந்தது. அவனில் அல்ல, அக்காவில். மூன்று வருடமும் சரியாக நாங்கள் வருகிற நேரம் பார்த்து நிலத்தில் பயிரை நிறுத்திவைத்திருக்கிறாவே, சரியான கள்ளி என்று மனதுக்குள் திட்டினேன். ஒற்றிச் சட்டத்தை என்னிடமே படித்து என்மேலேயே பாய்ச்சுகிறாள் என்று நினைத்தேன். இந்த முறை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். நான் முகத்துக்கு நேரே சொல்லுகிற ஆள் என்று ஊரில் பேர் எடுத்தவள்.

ஆடியில் ஒருநாள் வேலணையில் என் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் பாலத்தைக் கடந்து இறுப்பிட்டிக்குப் போனேன். அக்கா தேத்தண்ணீர் தந்தார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு மழையைப் பற்றிக் கதைத்தேன். சீனி விலையைப் பற்றிக் கதைத்தேன். பஸ் நேரம் வந்துவிட்டது என்று எழும்பி வந்துவிட்டேன்.

ஆவணியில் திரும்பவும் போனேன். இந்த முறை சொல்லவேண்டிய வசனத்தைப் பஸ்ஸிலேயே ஒரு துண்டில் எழுதிக்கொண்டேன். கந்தோர்ப் பழக்கம். ‘அக்கா, தம்பி வாற மார்கழி காணியை மீட்கப்போறார், அதாலை இந்த முறை பாத்தி போடவேண்டாம்.’ இவ்வளவுதான். படலையைத் திறந்து உள்ளே போனால் அக்கா மேற்குப் பக்க வேலியைக் கட்டிக்கொண்டிருந்தார். தனியே. ஓலையை ஒரு கையால் பிடித்து மற்றக் கையால் கட்டு இழுக்கிறார். நான் போய் மற்றப் பக்கம் பிடித்தேன். பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் கேட்டேன், "உங்களுக்கு அரசாங்கத்தின்ரை வீட்டுத்திட்டத்திலை வீடு வரேல்லையே, அக்கா? எல்லாருக்கும் குடுத்தவை எல்லே?"

"கேட்டவை. காணி உன்ரை பேரிலை இருக்கோ எண்டு கேட்டவை. இல்லை, ஒற்றி எண்டனான்."

"பிறகு?"

"பக்கத்திலை நிண்ட சனம் சொல்லிச்சுது, இவ்வளவு வருசமா இருக்கிறாய், சொந்தக்காரர் கனடாவிலை, சொந்தமெண்டு எழுதிப்போடு, ஆர் வந்து கேக்கப்போகினம் எண்டு."

"எழுதியிருந்தா கல்வீடு கிடைச்சிருக்கும்."

"ஓம். கிடைச்சிருக்கும்." கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். "நாளைக்கு உம்மடை தம்பி வந்து நிண்டா நான் எந்த முகத்தோடை நிக்கிறது? ஒற்றிக் காணியிலை கல்லு வைக்கக்கூடாது, பிள்ளை. எங்கடை மாமா சொல்லித்தான் போனவர்."

எழுதின துண்டு என் பணப்பைக்குள்ளேயே கிடந்தது. வேலி கட்டி முடியப் பஸ்ஸும் போய்விட்டது. ஒரு ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். அவரைப் போய்க் கள்ளி என்று மனதுக்குள் ஏசினேனே, அதை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

தம்பி கிழமைக்கு ஒருமுறை கேட்டான். "சொல்லியாச்சோ?" நான் சொன்னேன், "சொல்லுறன்." அவன் டிக்கற் போட்டுவிட்டான்.

புரட்டாசி நடுவில், இனித் தள்ளிப்போட ஏலாது என்ற நிலையில் மூன்றாம் முறை போனேன். அடுத்த மழைக்கு முன் கொட்டை அடுக்குவார்கள். அதற்குப் பிறகு சொல்லிப் பயனில்லை. படலையைத் திறந்ததுமே ஏதோ வித்தியாசமாகப் பட்டது. வழக்கமாக அந்த நேரம் பனைகளின் கீழே துப்புரவாக இருக்கும். விழுந்த பழம் எல்லாம் கொட்டில் ஓரத்தில் குவிந்து கிடக்கும், காணியே பனம்பழ வாசத்தில் மிதக்கும். இன்றைக்குப் பழங்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. இரண்டு மாடுகள் உள்ளே நின்று பழத்தைச் சூப்பிக்கொண்டிருந்தன. வருடா வருடம் பாத்தி போடுகிற இடத்தில் போன முறை கிண்டின மண் அப்படியே தட்டையாகக் கிடந்தது. புல்லும் முளைத்திருந்தது.

அக்காவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். அவர் குசினிப் பக்கத்தில் இருந்து அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"ஏன் அக்கா, சுகமில்லையே? பாத்தி போடேல்லை?"

"சுகத்துக்கு என்ன? நல்லா இருக்கிறன். இரும்."

"மாடு உள்ளுக்கை நிக்குது."

"நிக்கட்டும். பழம் வீணாப் போகாமல் அதுகளாவது தின்னட்டும்."

நான் இருக்கவில்லை. நின்றபடியே நின்றேன். அக்கா அரிசிச் சட்டியைக் கீழே வைத்தார்.

"போன மார்கழி உம்மடை தம்பி பாத்தியைப் பாத்துக்கொண்டு நிண்டவர். ஒண்டும் சொல்லேல்லை, ஆனா எனக்கு விளங்கினது. மூண்டு வருசமா அந்தப் பிள்ளை இதுக்காகத்தான் வந்து போயிருக்குது, நான் மரமண்டை யோசிக்கேல்லை. பிறகு நீர் ஆடியிலை வந்தனீர், ஆவணியிலை வந்தனீர். வந்து சீனி விலை கதைச்சுப்போட்டுப் போனனீர்." சிரித்தார். "நீர் எங்கை சீனி விலை கதைக்கிற ஆள்? உமக்குச் சொல்ல ஏலாமல் இருக்கு எண்டு கண்டனான். அதுதான் போடேல்லை. நிலம் வெறுமையா இருந்தா நீர் ஒண்டும் சொல்லத் தேவையில்லை எல்லே."

"கிழங்கு இல்லாமல் இந்த வருசம் என்ன செய்வீங்கள்?"

"ஏதும் செய்வன்."

"எங்கை போவீங்கள்?"

"மகளிட்டைப் போகலாம்." சட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, "ரெண்டு அறைதான். வாடகை வீடு. பிள்ளையளும் மூண்டு. ஆனா ஒரு மூலையிலை படுக்கலாம்" என்றார்.

மூன்று மாதமாக நான் சுமந்து திரிந்த வசனத்தை எனக்காக அவரே சொல்லி முடித்துவிட்டார். அதுவும் தன் வருடத்துச் சோற்றைப் பனைக்குக் கீழே அழுகவிட்டு. எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. அக்கா எழும்பி வந்து தன் சேலைத் தலைப்பைத் தந்தார். அதில் அரிசித் தண்ணீர் வாசம் அடித்தது. துடைத்துக்கொண்டு, மண்வெட்டி எங்கே என்று கேட்டேன்.

"என்னத்துக்கு?"

"எங்கை எண்டு சொல்லுங்கோ."

கொட்டில் பின்னால் சாத்தியிருந்தது. எடுத்துக்கொண்டு போய்ப் பாத்தி இடத்தைக் கொத்தத் தொடங்கினேன். முப்பது வருடம் கதிரையில் இருந்து விரல் மட்டும் வேலை செய்த உடம்பு. பத்துக் கொத்துக்கு மேல் மூச்சு வாங்கியது. மாடுகளைத் துரத்தினேன். அவை சூப்பிப் போட்ட கொட்டைகளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பொறுக்கினேன். சூப்பாத பழங்களை இழுத்து வந்து பிசைந்து கொட்டை எடுத்தேன். கையெல்லாம் மஞ்சள், முகத்தில் ஈ. அக்கா கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒற்றி குடுத்த ஆக்களுக்கு இந்தக் காணியிலை கொட்டை போட உரிமை இல்லை. தெரியுமே உமக்கு?"

"தெரியும்."

"சட்டம் படிச்ச ஆள்."

"வழக்குப் போடுங்கோ."

"அப்பிடி அடுக்கினா கிழங்கு வராது, விலத்தும்" என்று என்னைத் தள்ளிவிட்டு அவர் குந்தினார். நான் பொறுக்கிக் கொடுக்க அவர் அடுக்கினார். நெருக்கமாக, ஒன்றோடொன்று முட்ட, வரிசை பிசகாமல். ஓரத்துக்கு மட்டை வைத்து மண்ணை அணைத்தோம். வெயில் சாயும்போது பாத்தி நாலு முழத்துக்கு நிறைந்தது. மற்ற வருடப் பாத்தியில் அது பாதிகூட இல்லை. மிச்சத்தை நாளைக்குப் போடலாம், நீர் வரவேண்டாம், உம்மடை இடுப்பு முறிஞ்சிடும் என்றார். நான் அடுத்த நாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். மூன்றாம் நாள் மழை பெய்தது.

அன்று பின்னேரம் தம்பி கோல் எடுத்தான். அங்கே அவனுக்கு விடிந்து கொஞ்ச நேரம், குரலில் இன்னும் நித்திரை இருந்தது.

"அக்கா, சொல்லியாச்சோ?"

"இந்த மார்கழி மீட்க ஏலாது," என்றேன். "நிலத்திலை பயிர் நிக்குது."

"என்னக்கா நீங்கள்? அவவுக்கு முன்னமே சொல்லச் சொன்னனான் எல்லே? திருப்பியும் போட்டிட்டாவே?"

"அவ போடேல்லை. நீ கேக்காமலே நிலத்தை விட்டிட்டு இருந்தவ. நான்தான் போட்டனான்."

ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் திருப்பி ஏசவும் ஆயத்தமாக இருந்தேன். அவன் ஏசவில்லை. அதனால் நானே எல்லாவற்றையும் சொன்னேன். சொந்தம் என்று எழுத மறுத்து அவர் இழந்த வீட்டைச் சொன்னேன். மாடு தின்ற பழங்களைச் சொன்னேன். வவுனியாவில் இரண்டு அறை வீட்டின் ஒரு மூலையைச் சொன்னேன்.

"நான் இஞ்சை வந்தது அவேன்ரை ஒற்றிக் காசிலை," என்றான் கடைசியில்.

"ஓம்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு என்னிடம் கேட்கிற மாதிரி இல்லாமல் கேட்டான்.

"அக்கா, அது பத்துப் பரப்பு எல்லே? எனக்கு அவ்வளவும் என்னத்துக்கு?"

எந்தக் கேள்விக்கும் வாயில் பதில் வைத்திருக்கிறவள் நான். இதற்குப் பதிலை அவனே சொல்லட்டும் என்று தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன்.